டீச்சருக்கு வைத்த பரீட்சை

கண்ணாடிக்காரரின் மனைவியை ஊரில் பாதிப் பேர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அவள் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில் இருந்த மூளை ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை. வயது ஏற ஏற மூளை எப்படி மாறுகிறது, அல்ஸைமர் என்கிற மறதி நோய் தலைகாட்டுவதற்குப் பல வருடங்கள் முன்பே அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்று அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நோய் நொடி இல்லாத நடுத்தர வயதுக்காரர்கள் தாமாக வந்து பெயர் கொடுப்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவை அவர்களிடம் ரத்தம் எடுத்து, தலையை ஸ்கேன் செய்து, கடைசியில் டீச்சரின் அறைக்கு அனுப்புவார்கள்.

சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. சுவரில் காலண்டரோ கடிகாரமோ கிடையாது. இன்று என்ன தேதி என்று கேட்பதே அவள் வேலையாக இருக்கும்போது, பதிலைச் சுவரில் மாட்டி வைக்க முடியுமா? ஐந்து வார்த்தைகளைச் சொல்லுவாள். பிறகு கணக்குப் போடச் சொல்லுவாள், கடிகாரம் வரையச் சொல்லுவாள், கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுப்பாள். அப்புறம், "முதல்ல நான் சொன்ன அஞ்சு வார்த்தை என்னென்ன?" என்பாள். அங்கேதான் பலருக்கு வியர்க்கும்.

"பயப்படாதீங்க, இதுல பாஸும் இல்ல ஃபெயிலும் இல்ல" என்று அவள் சொல்கிற விதத்தில், முறைத்துக்கொண்டு வந்தவர்கள்கூட இளகிவிடுவார்கள். ரிடையர் ஆன போலீஸ்காரர் ஒருவர், "ஆயுசு முழுக்க நான்தான் அடுத்தவங்களை விசாரிச்சேன், இப்ப என்னையே விசாரிக்கிறீங்களா?" என்று எகிறியிருக்கிறார். அடுத்த வருடம் அவரே பழக்கூடையோடு வந்து, "டீச்சர், நல்லாப் படிச்சிட்டு வந்திருக்கேன், கேளுங்க" என்றாராம். அந்தப் போலீஸ்காரர்தான் பெயர் வைத்தவர். அது ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டிலும் அவளைக் கண்ணாடிக்காரர் கேலியாக டீச்சரம்மா என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

அவருக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. முன்னால் ஃபிரேம் அடுக்கிய அலமாரி, தடுப்புக்குப் பின்னால் கண் பரிசோதிக்கிற இருட்டு மூலை, அதற்கும் பின்னால் லென்ஸ் தேய்க்கிற மெஷின். இரண்டு பேருடைய வேலையும் எதிராளியை உட்கார வைத்துக் கேள்வி கேட்பதுதான் என்பதால் சாப்பாட்டு மேஜையில் கதைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. லைசென்ஸ் புதுப்பிக்க வந்த லாரி டிரைவர் ஒருவர், எழுத்துப் பலகையை அவர் திருப்பி மாட்டுவதற்கு முன்பே கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்த கதையைச் சொன்னபோது, அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள்.

அவளும் நிறையச் சொல்லுவாள். "வார்த்தை மறந்து போறது பெரிய விஷயம் இல்லங்க, அது எல்லாருக்கும் வரும். நான் முகத்தைத்தான் பார்ப்பேன். கேள்வி கேட்டதும் தன்னால கழுத்து கூட வந்தவங்க பக்கம் திரும்பும். வீட்டுக்காரரையோ பொண்ணையோ பார்த்துச் சிரிப்பாங்க. 'நீங்களே சொல்லுங்களேன்'னு. அதைப் பார்த்தாலே நான் தனியா குறிச்சு வெச்சுக்குவேன்."

"முன்கூட்டியே தெரிஞ்சு என்ன பண்ணப் போறாங்க? மருந்துதான் கிடையாதே" என்று ஒரு தடவை கேட்டார்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இன்னைக்கு இல்ல. நாளைக்கு வரும். வரும்போது யாருக்குக் கொடுக்கணும்னு தெரிய வேண்டாமா? வீடு முழுக்க எரிஞ்சப்புறம் தண்ணி ஊத்தி என்ன ஆகப்போகுது? எனக்குன்னா முதல் நாளே தெரியணும். ஒளிவு மறைவு இல்லாம முகத்துக்கு நேரா சொல்லிடணும்."

அவர்களுக்கு ஒரே மகள். வங்கியில் வேலை. முப்பது வயது தாண்டியும் வீட்டில் பாப்பாதான். பாப்பா புது வீட்டுக்குக் குடிபோன சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். பேச்சோடு பேச்சாகச் சம்பந்தியம்மா கேட்டார். "கல்யாணத்துக்கு முன்னாடி பாப்பா எங்க வேலை பார்த்தா? ஏதோ இன்ஷூரன்ஸ் கம்பெனின்னு சொன்னீங்களே?"

டீச்சர் சிரித்தாள். கழுத்து மெதுவாகக் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பியது.

"நீங்களே சொல்லுங்களேன்" என்றாள்.

அவர் சொல்லிவிட்டார். வாய் சொல்லி முடித்த பிறகுதான் தான் பார்த்தது என்ன என்று புரிந்தது. கையிலிருந்த சாதம் வாய்க்குப் போகவில்லை. அவள் அதற்குள் சம்பந்தியம்மாவோடு வேறு பேச்சுக்குத் தாவி, கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று வீடு திரும்பியதிலிருந்து அவர் பின்னோக்கிப் பார்க்க ஆரம்பித்தார். ஸ்கூட்டரை விற்றுவிடலாம், முழங்கால் வலிக்கிறது என்றாளே, முழங்கால்தானா? மாடிப்படி ஏறும்போது ஒரு நாளும் வலி என்று சொன்னதில்லையே. ஓட்டலில் மெனுவை அவர் பக்கம் தள்ளி, உங்களுக்குச் சொல்றதையே எனக்கும் சொல்லுங்க என்பது எப்போதிலிருந்து?

எல்லாவற்றையும்விட அவரைக் குடைந்தது அவள் கண்ணாடி. படிக்கிறபோது எழுத்து நிற்கவில்லை என்று இரண்டு வருடத்தில் மூன்று தடவை கண்ணாடி மாற்றச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவர் அவளை இருட்டு மூலையில் உட்கார வைத்துப் பார்த்தார். பவர் மாறவே இல்லை. தன் கணக்கில்தான் பிசகு என்று நினைத்து, வேறு கம்பெனி லென்ஸ் வரவழைத்து, தன் கையால் தேய்த்து, ஃபிரேமில் பொருத்திக் கொடுத்தார். அவளும் போட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப சரியா இருக்கு" என்பாள். கண்ணில் எந்தக் குறையும் இல்லை. வாசித்த வரி அடுத்த வரிக்குப் போவதற்குள் அழிந்துபோயிருக்கிறது. தொழில் தெரிந்த மனுஷன், மனைவியின் கண்ணுக்குள் உற்று உற்றுப் பார்த்துவிட்டு லென்ஸைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு நாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் மெல்ல ஆரம்பித்தார். "டீச்சரம்மா, நீயும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கலாமே?"

அவள் கையிலிருந்த சட்டையைப் பொத்தென்று போட்டாள். "எனக்கென்ன குறைச்சல்? உங்களுக்குத்தான் வயசாகுது. போய் உங்க தலையைப் பாருங்க!" இத்தனை வருடத்தில் அவள் அப்படிக் கத்தி அவர் கேட்டதே இல்லை.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நேரே ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். அதன் தலைமை டாக்டரைப் பெரிய டாக்டர் என்பார்கள். உருவம் என்னவோ நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படாத அளவுதான். டீச்சருக்கு அவர் மேலதிகாரி என்பதைவிட சிநேகிதி. கண்ணாடிக்காரர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"போன மாசம் டீச்சர் ஒருத்தருக்கே ரெண்டு தடவை டெஸ்ட் எடுத்துட்டாங்க" என்றார் பெரிய டாக்டர், கையில் இருந்த பேனாவைப் பார்த்தபடி. "வேலை ஜாஸ்தி, களைப்புன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். நாளைக்கு நீங்களும் கூட வாங்க. நானே பார்க்கிறேன்."

அவள் எப்படியோ சம்மதித்தாள். தன் அறையிலேயே, இத்தனை காலம் மற்றவர்கள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நல்ல புடவை கட்டி, தலையைப் படிய வாரியிருந்தாள். கண்ணாடிக்காரர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில்.

"நான் இப்ப அஞ்சு வார்த்தை சொல்லப் போறேன்" என்று பெரிய டாக்டர் தொடங்கியதுதான் தாமதம், அவள் படபடவென்று பொரிந்தாள். "குடை, செங்கல், ஆரஞ்சு, ஏணி, மணி. அடுத்தது நூறிலேருந்து ஏழு ஏழா கழிக்கணும். தொண்ணூத்தி மூணு, எண்பத்தி ஆறு, எழுபத்தி ஒன்பது..."

பெரிய டாக்டர் சிரித்துவிட்டார். கண்ணாடிக்காரருக்கும் சிரிப்பு வந்தது. ஒரு கணம் அவர் நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. எங்கே இவளுக்கு வியாதி, இப்படி மணி மணியாகச் சொல்கிறாளே! அடுத்த கணமே அந்த லாரி டிரைவரின் நினைப்பு வந்தது. பெரிய டாக்டரும் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"வேற வார்த்தை சொல்றேன்" என்றார் தணிந்த குரலில். "மெழுகுவர்த்தி. ஓடம். எலுமிச்சை. தச்சன். நீலம். திருப்பிச் சொல்லுங்க."

அவள் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னாள். கொஞ்ச நேரம் இருவரும் வேறு பேசினார்கள். பாப்பா எப்படி இருக்கிறாள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள், இப்படி. அப்புறம் அந்தக் கேள்வி வந்தது.

"நான் சொன்ன அஞ்சு வார்த்தை?"

"குடை, செங்கல், ஆரஞ்சு, ஏணி, மணி" என்றாள் அவள், துளிச் சந்தேகம் இல்லாமல்.

பெரிய டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் எதற்கு என்பது அந்த அறையில் அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? முகம் வெளுத்தது. ஆனால் கழுத்தை மட்டும் அவள் அசைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல், எதிர்ச்சுவரையே பார்த்தபடி விறைத்து உட்கார்ந்திருந்தாள். திரும்பினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அவள் பார்க்க மாட்டாள் என்று தெரிந்ததும் அவர் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தார்.

அதற்கப்புறம் ஸ்கேன். அந்த வாரக் கடைசியில் பெரிய டாக்டர் கண்ணாடிக்காரரை மட்டும் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் திரையில் வரிசையாகப் படங்களைக் காட்டினார். நிலையம் தொடங்கிய காலத்தில் மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, அங்கே வேலை பார்க்கிறவர்களையே படுக்க வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். டீச்சர்தான் முதல் ஆளாகப் போய்ப் படுப்பாளாம். அப்படிச் சில வருடங்கள் எடுத்த படங்கள். கடைசி இரண்டு தடவை மட்டும், உள்ளே மூச்சு முட்டுகிறது என்று சொல்லி வராமல் இருந்திருக்கிறாள்.

"ஞாபகத்தைச் சேர்த்து வைக்கிற இடம் காதுக்கு உள்பக்கமா, சுண்டுவிரல் மாதிரி இருக்கும். இது முதல் வருஷம். இது அதுக்கப்புறம். இது இப்ப." பெரிய டாக்டரின் விரல் திரையில் நகர்ந்தது. கண்ணாடிக்காரருக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனாலும் இருட்டான பகுதி படத்துக்குப் படம் பெரிதாகிக்கொண்டு வருவது தெரிந்தது.

"படத்தைப் பார்த்து மூளைக்கு என்ன வயசுன்னு சொல்ற புரோகிராம் ஒண்ணு இந்த வருஷம்தான் செஞ்சு முடிச்சோம். உடம்பு வயசைவிட மூளை வயசு வேகமா ஓடினா, அதுதான் முதல் எச்சரிக்கை. நேத்து இவங்க பழைய படங்களை அதுல போட்டேன்." அவர் ஒரு படத்தைத் திரையில் பெரிதாக்கினார். "மூணாவது படத்துலயே சொல்லுதுங்க. ஆறு வருஷம் முன்னாடி எடுத்தது. ஸ்டாஃப் படம்கிறதால அதை யாருமே ஆராய்ச்சிக்கு எடுக்கல. ஊரெல்லாம் தேடிக்கிட்டு இருந்தோம். இது எங்க வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு."

அவருக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. மேஜையைப் புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது. எதிரே அந்தச் சின்ன உருவம் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குவதைப் பார்த்ததும் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. "சரிங்க டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

வீட்டில் அவள் பால்கனியில் உட்கார்ந்து கீழே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உனக்குத் தெரியும். இல்ல?"

"ம்."

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும். ஒரு அம்மா கடிகாரம் வரைஞ்சு கொடுத்தாங்க. அது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. பாத்ரூம்ல போய் ரொம்ப நேரம் நின்னேன்."

"முதல் நாளே தெரியணும்னு சொன்னவ நீதானே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" கோபமாகக் கேட்க நினைத்தார். கெஞ்சலாகத்தான் வந்தது.

"சொன்ன நாள்லேருந்து நீங்க என்னை வேற மாதிரி பார்ப்பீங்க. டெஸ்ட் பண்ற மாதிரி. நான் சொல்றது ஒவ்வொண்ணையும் சரியா தப்பான்னு பார்ப்பீங்க. எத்தனை வீட்டுக்காரங்களைப் பார்த்திருக்கேன்... பொண்டாட்டியா இருந்தவ அன்னையோட பேஷண்ட் ஆயிடுவா. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் உங்க பொண்டாட்டியா இருக்கணும் போல இருந்துச்சு. அவ்வளவுதாங்க."

அவர் அழுதார். அவள்தான் அவரைத் தேற்றினாள்.

நோயின் வேகத்தைச் சற்றே குறைக்கிற ஒரு மருந்து அப்போது வந்திருந்தது. ஆனால் அதை ஆரம்பத்திலேயே கொடுத்தால்தான் பலன், இவளுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது என்று பெரிய டாக்டர் சொன்னார். அந்த மருந்து வரும் என்று சாப்பாட்டு மேஜையில் சண்டை போட்டவள், தனக்கு அது இல்லை என்று கேட்டபோது, "பரவாயில்ல, வந்துடுச்சே" என்றாள். அவர்தான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் போய் நின்றுகொண்டார்.

அவள் வேலையை விட்டாள். ஆனால் நிலையத்துக்குப் போவதை விடவில்லை. என் படங்கள் தொடக்கத்திலிருந்து இருக்கின்றன, முடியும் வரை எடுத்துக்கொள்ளுங்கள், நான் போன பிறகு மூளையையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நிதானம் இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வருடா வருடம் அவர்தான் அழைத்துப் போனார். கடையை மத்தியானத்தோடு மூடினார். பிறகு வாரத்தில் மூன்று நாள் மட்டும் திறந்தார்.

ஒவ்வொன்றாகப் போயிற்று. முதலில் சமையல், பிறகு தெரு, பிறகு கண்ணாடியில் தெரியும் தன் முகம். ஒரு நாள் அவரிடம், "சார், என் வீட்டுக்காரர் வர்ற நேரமாச்சு. நீங்க கிளம்புங்க, அவர் தப்பா நினைப்பார்" என்றாள். அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், படிக்கட்டில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, மறுபடி மணியடித்து உள்ளே வந்தார். "வந்துட்டீங்களா? யாரோ ஒரு ஆள் வந்து உட்கார்ந்துகிட்டு போகவே இல்லங்க" என்று அவள் புகார் சொன்னாள். அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. சில நாள் இரண்டு தடவை, மூன்று தடவைகூடப் போய்விட்டு வந்தார்.

பாப்பா சனிக்கிழமைதோறும் வருவாள். அப்படி ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது, டீச்சர் திடீரென்று நிமிர்ந்து மகளை உற்றுப் பார்த்தாள். முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

"முதல் தடவை வர்றீங்களாம்மா? பயப்படாதீங்க. இதுல பாஸும் இல்ல ஃபெயிலும் இல்ல. நான் அஞ்சு வார்த்தை சொல்றேன், கவனமா கேளுங்க."

பாப்பா அப்பாவைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க டீச்சர்" என்றாள்.

"குடை. செங்கல். ஆரஞ்சு." அங்கே நின்றுவிட்டது. அவள் தேடினாள். மேஜைவிரிப்பைத் தடவித் தடவித் தேடினாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"ஏணி, மணி" என்றாள் பாப்பா.

"அட, ரொம்ப நல்லா சொல்றீங்களே!" டீச்சர் மகளின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். "உங்களுக்கு ஒண்ணுமில்ல. தைரியமா வீட்டுக்குப் போங்க. வீட்டுல அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றாள் பாப்பா.

பாத்திரம் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அவர் பின்னாலேயே போனார். "எனக்கும் வருமாப்பா?" என்று கேட்டாள். அவர் கையை நீட்டிக் குழாயை மூடினார். அடுத்த மாதம் பாப்பா தானே போய் நிலையத்தில் பெயர் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல அவர் வாயெடுத்தார், சொல்லவில்லை.

அந்த வருடம் மழை ஓய்ந்த சமயத்தில் டீச்சருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. விழுங்குவதே மறந்துபோன உடம்பு, காய்ச்சலைத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவர் சூப் ஆற்றிக்கொண்டிருந்தபோதே மூச்சு நின்றது. தகவல் போனதும் பின்பக்கக் கட்டடத்திலிருந்து பெரிய டாக்டரே இறங்கி வந்தார். எல்லாம் ஏற்கெனவே பேசியபடிதான். ஆனாலும் டிராலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது கண்ணாடிக்காரர் கம்பியை விடவில்லை. "அவளுக்குத் தலையைத் தொட்டா கூச்சம்" என்றார். "பார்த்து..." பாப்பாதான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் பெரிய டாக்டர் கடைக்கு வந்தார். கண்ணாடி உடைந்துவிட்டதாம். கண்ணாடிக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். வேறு எந்தக் கடையிலும் அரை மணியில் சரிசெய்து தருகிற காரியம். இருட்டு மூலையில் உட்கார வைத்துக் கண்ணைப் பரிசோதித்தார். அப்போதுதான் டாக்டர் பேச ஆரம்பித்தார். டீச்சரின் படங்களையெல்லாம் வைத்துப் புரோகிராமைத் திருத்தியிருக்கிறார்கள். ஆரோக்கியமாக இருந்த காலத்திலிருந்து கடைசி வரை இவ்வளவு நீளமாக ஒருவரின் வரிசை அங்கே வேறு இல்லை. இப்போது ஸ்டாஃப் படங்களையும் விடுவதில்லை. ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பெண் ஒருத்திக்கு ஆரம்பத்திலேயே தெரிந்து மருந்து கொடுத்துவருகிறார்கள், அவள் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறாள். பாப்பாவின் படத்தில் இதுவரைக்கும் ஒன்றுமில்லை.

கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். லென்ஸைத் தேய்த்து, புது ஃபிரேமில் பொருத்தி, துணியால் துடைத்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா டாக்டர்? கடைசி மாசங்கள்ல நான்தான் ஊட்டினேன். வாயைத் திறன்னு சொன்னா திறப்பா. வேற யார் சொன்னாலும் திறக்க மாட்டா. என் குரல் அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா? மூளையை வெட்டிப் பார்த்தீங்களே, அதுல ஏதாவது தெரிஞ்சுதா?"

"தெரியலைங்க" என்றார் பெரிய டாக்டர். "ஆமான்னு சொல்லிட்டுப் போக ஆசையாத்தான் இருக்கு. ஆனா தெரியல."

அவர் தலையாட்டினார். கண்ணாடியை டாக்டரின் காதில் மாட்டி, மூக்கில் சரியாக உட்கார வைத்து, எதிரே இருந்த பலகையைக் காட்டினார். "எழுத்து தெரியுதுங்களா?"

"இல்ல" என்றார் டாக்டர். கண்ணீர் கன்னத்தில் வழிந்து ஃபிரேமுக்கு அடியில் தேங்கியிருந்தது.

"அழுது முடிங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரர் போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். பக்கத்து டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். திரும்பி வந்து எதிர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.